முதுகில் ஒரு கை

ஊதா விளக்கைத் திருப்பியதும் கை தெரிந்தது.

வேட்டைச் சட்டையின் முதுகில், இலையும் சருகுமாய் அச்சடித்த துணிமேல், நீலமாக மின்னியது. உள்ளங்கை, ஐந்து விரல், எல்லாம் அப்படியே.

இருட்டறையில் அவளைத் தவிர யாருமில்லை.

கையுறையை உருவி வலது கையை விளக்கின் கீழ் நீட்டினாள்.

அதே நீலம்.

டீ நேரத்தில் ஹாஸ்டலுக்கு ஓடி, ஊருக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதாரை அலசிப் போட்டிருந்தாள். சோப்புத்தூளில். திரும்பி வந்து, பிசிறு நூலைக் கிள்ளச் சட்டையை அழுத்திப் பிடித்தபோது கையுறை இல்லை.

இந்த அறையில் வேலை பார்க்கிறவர்கள் சோப்புத்தூளைத் தொடவே கூடாது. அதிலிருக்கிற வெளுப்பின் மினுக்கம் இந்த விளக்கில்லாமல் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. மானுக்குத் தெரியும். மான் ஓடிவிட்டால் சட்டை வாங்கிய வெளிநாட்டுக்காரனுக்கு என்ன லாபம்? அதற்காகத்தான் வாசமில்லாத மருந்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொன்றாக இங்கே காட்டிப் பார்ப்பது.

எல்லாம் தெரியும். அழுக்குத் துணியோடு போய் நிற்க மனம் வரவில்லை.

அப்பா செத்து இன்றோடு பதினான்கு நாள்.

அடக்கத்துக்கு விடவில்லை. பதினாறாம் நாளுக்காவது விடுங்கள் என்று போய் நின்றபோது சூப்பர்வைசர் துரைசாமி சொன்னார்:

"இந்த லாட்டு முடியட்டும் அம்மிணி, கேட் பாஸ் நானே எழுதித் தர்றேன். ஆனா ஒரு பீஸு மின்னுச்சுன்னாலும் மொத்த லாட்டும் மறுக்காத் தண்ணிக்குப் போகும், பாத்துக்க. அப்பறம் நாலு நாளைக்கு லீவு கீவுன்னு மூக்கச் சிந்திட்டு வந்து நிக்கப்படாது."

இது கடைசிப் பெட்டி.

ஈரத்துணியால் துடைத்தாள். கை அழியவில்லை. அகலமானது.

திரைக்கு வெளியே துரைசாமியின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"ஆச்சா?"

கை உள்ளே போகும்படி முதுகை மடித்தாள். பாஸ் ஸ்டிக்கரை ஒட்டினாள். பெட்டிக்குள் வைத்து அழுத்தினாள்.

"ஆச்சுங்ண்ணா."

திரைக்கு அடியில் பெட்டியைத் தள்ளினாள். டேப்பை இழுத்து ஒட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"இரு, கேட் பாஸ் புக்கு எடுத்தாறேன்."

அவள் இருந்தாள்.

எந்தக் காட்டிலோ, எவன் முதுகிலோ அந்தக் கை போகும். ஏதோ ஒரு மான் தலை தூக்கிப் பார்க்கும்.

வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"ஓடிரு."