புழு துளைத்த வேதாகமம்

"தாத்தாவோட தாத்தா மிஷன்ல வாங்கின வேதாகமங்க. அட்டை போலின்னு அண்ணன் சிரிச்சிகினு கீறாரு. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்று மார்த்தாள் டீச்சர் கண் கலங்கினாள்.

திருத்தணியில் பைண்டிங் கடை வைத்திருந்த எலியாஸுக்கு நாற்பது வயது. பெண் பார்க்கப் போன வீடுகளில் காபி மட்டும்தான் கிடைத்தது. போலி செய்கிறவர்கள் பழசு போலக் காட்ட அட்டையில் மட்டும் ஊசியால் ஓட்டை போடுவார்கள். இதிலோ புழு அட்டையையும் அதற்குள் இருந்த ஒட்டுத்தாளையும் துளைத்து, ஆதியாகமம் வரை நேராகப் போயிருந்தது.

எலியாஸ் ஒட்டுத்தாளை நனைத்துப் பிரித்தான். அதே புழுத் துளை விழுந்த அது ஒரு கல்யாணப் பத்திரிகை. மணமகன் பைண்டர் எலியாஸ், மணமகள் டீச்சர் மார்த்தாள், 1947 ஜனவரி. சுவர்க் காலண்டரில் இன்னும் 1946 அக்டோபர்தான்.

"சொல்லுங்க, போலிங்களா?"

"அசல்தாங்க," என்று அவன் தாளை மறுபடி பசை தடவி ஒட்டினான். "ஜனவரியில லீவு இருக்குதுங்களா டீச்சர்?"