குங்குமம் வைத்த பெட்டி

“அம்மிணி, அந்தப் பெட்டி மேல கை வெக்காத!” என்று பதறினார் குமரகுரு.

அவரிடம் வேலை பார்க்கும் மோகனப்பிரியா கையை எடுத்துக்கொண்டாள். மேசைமேல் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி குங்குமமும் காய்ந்த மாலையுமாகச் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. குமரகுருவின் நாமக்கல் கோழித்தீவன மில் அதை நம்பித்தான் ஓடியது. எந்த வயசுக் கோழிக்கு எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு சோயா, எவ்வளவு கிளிஞ்சல் என்று கணக்குச் சொல்லும் ஜாவா புரோகிராம் அதில் இருந்தது. வேறு எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் அடம்பிடிக்கும். எழுதிக் கொடுத்த ஆள் எங்கே போனாரோ, தெரியாது. கலவை பிசகினால் ஓடில்லாத முட்டையாக விழும்.

“ராசிபுரத்துல புது மில்லு தொறக்கறீங்க. அங்கயும் இதே கணக்கு வேணுமில்லீங்க?”

“பெட்டியை வேன்ல ஏத்துவோம். காலைல அங்க, மத்தியானம் இங்க.” புது மில் சாவியை விரலில் சுழற்றினார்.

“வேனே வேண்டாங்க.” போனை நீட்டினாள். “அந்தப் புரோகிராமைக் காப்பி எடுத்து, ஒரு எழுத்துகூட மாத்தாம வெப் பேஜுக்குள்ள உக்கார வெச்சுட்டேன். எங்கிருந்தும் தொறக்கலாம். கணக்குச் சரியா இருந்தா ராசிபுரம் மில்லுப் பொறுப்பை எனக்குக் குடுங்க.”

“உங்கப்பன் மூட்டை தூக்குன மில்லு இது. நீ மில்லு நடத்தறியாக்கும்?”

“மூட்டை தூக்கித்தானுங்க என்னையப் படிக்க வெச்சாரு.”

பட்டதாரிப் பெண்ணை வேலைக்கு வைத்திருப்பதை ஊரெல்லாம் பெருமையடிப்பார். அவள் சொல்வதைக் காதில் வாங்குவது வேறு சமாச்சாரம்.

போனில் சக்கரம் சுற்றியது.

“என்ன, சுத்திட்டே இருக்குது?”

“மொதல்ல தொறக்கறப்ப அப்படித்தானுங்க.”

திறந்தது. குமரகுரு போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அதே சாம்பல் நிறக் கட்டம், அதே பச்சைப் பொத்தான். யானையைச் சிமிழுக்குள் அடைத்தமாதிரி உள்ளங்கையில் நின்றது. தன் விரலாலேயே எண்களைப் போட்டார். மேசைத் திரையிலும் அதையே போட்டார். புள்ளிக்குப் பின்னால் வந்த எண்கூடப் பிசகவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இவளையா என்று அடக்கிக்கொண்டார்.

“அதிசயந்தான் அம்மிணி! ஆனா இது கோழி உசுரு. வெப் பேஜை எல்லாம் நம்பி எறங்க முடியுமா? இந்தப் பெட்டி ராசியானது. முன்னெல்லாம் ரெண்டு நாளைக்கொருக்கா நின்னுபோகும். ஆயுத பூஜைக்கு நானே சொம்பு நெறையா மஞ்சத்தண்ணி தெளிச்சேன் பாரு, அதுக்கப்புறம் ஒரு நாளு நின்னிருக்குமா? காலைல தொறக்கத்தான் கொஞ்சம் மசமசங்குது. வயசாச்சில்ல!”

“பூஜைக்கு அப்புறம் வந்த கணக்கையெல்லாம் நம்பறீங்களா?”

“கண்ண மூடிட்டு நம்புவேன்.”

அவள் குனிந்து பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

“அடிப்பாவி! என்ற குடியைக் கெடுத்தியே!”

திரை அணையவில்லை. எண்கள் அசையாமல் ஒளிர்ந்தன.

குமரகுருவுக்குப் புல்லரித்தது. மாலை போட்ட பெட்டியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். “சாமி... கரண்டு இல்லாமயே ஓடுதே!” கை தானாகக் குவிந்தது.

மோகனப்பிரியா கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினாள். திரையை அடைத்துக்கொண்டிருந்த புரோகிராம் சற்றே சுருங்க, அதன் உச்சியில் போனில் பார்த்த அதே வெப் பேஜ் விலாசம் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, திரையின் வயர் செருகியிருந்த, அரசாங்கம் தனக்குக் கொடுத்த லேப்டாப்பை இழுத்து முன்னால் வைத்தாள்.

“நீங்க தெளிச்ச மஞ்சத்தண்ணில பெட்டி அன்னைக்கே செத்துப்போச்சுங்க,” என்று சாவிக்காகக் கையை நீட்டினாள்.