ஏழாம் ஆள்

"காலைத் தளர்த்தி விடும், நாகேஸ்வரி. மெசின் சரியோ எண்டுதானே பாக்கிறன். பரீட்சையே வைக்கிறன்?"

விரிவுரையாளர் கனகரத்தினம் சேர் ரப்பர்ச் சுத்தியலால் அவளுடைய முழங்காலுக்குக் கீழே மெல்லத் தட்டினார். வலது பத்து, இடது பத்து. கால் துள்ளும் உயரத்தை மெசினின் பேனை தாளில் கீறிக்கொண்டே போனது. தினமும் காலமை இதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது. நாகேஸ்வரியின் இடது கால் சட்டென்று எகிறியது.

"பாத்தீரே, திரும்ப இறுக்கிறீர்," என்றார் அவர். "இது மூளைக்குப் போகாமல் முதுகெலும்புக்குள்ளாலையே திரும்பிற துள்ளல். நீர் சும்மா இருந்தால் காணும்."

காரில் வந்தவள் பத்மாசினி. டொக்டரின் மகள். நாகேஸ்வரியோடு ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவள். ஆய்வுக்குக் கால் கொடுக்க வருகிறாள். கதிரையில் இருந்து காலைத் தொங்கவிடுவதற்கு அவளுக்கு ஒரு தேநீர், சேரின் ஒரு சிரிப்பு. கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, அத்தனை பேரின் தாள்களையும் அளந்து எழுதுகிற உதவியாளர் நாகேஸ்வரிக்கு, "போகேக்கை கதவைச் சாத்திப்போட்டுப் போம்." தோட்டக்காரன் மகளுக்கு அது காணும்.

தாள்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். பெயர் தெரிந்தால் அளக்கிறவரின் கை சாயும் என்பார் சேர். பெயர்ப் பட்டியல் அவருடைய மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது.

அன்று பின்னேரம் அவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த ஏழாம் ஆளைப் பாரும். மற்றவைக்கு ஒரு கால் ஒருமாதிரி, மற்றக் கால் வேறைமாதிரி. இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு. ஏழுக்கு ரெண்டு காலும் அச்சொட்டு. இப்பிடி ஒருத்தியை நான் கண்டதில்லை."

ஒருத்தி. காலமை கார் நின்ற முற்றத்தைப் பார்த்தாள் நாகேஸ்வரி.

"வாற மாதம் ஏழாம் ஆளைப் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேராசிரியருக்குக் காட்டவேணும். அவரின்ரை பகுதியிலை ஒரு வேலையும் காலியாய்க் கிடக்கு. பட்டதாரி, கெட்டிக்காரி. கேட்டால் குடுப்பினம். சில நாளையிலை மட்டும் கால் ஏன் உயரத் துள்ளுது எண்டுதான் விளங்கேல்லை."

இரண்டு வருடமாக நாகேஸ்வரி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த வேலை அது. கார்க்காரிக்குக் காலே வேலை வாங்கிக் கொடுக்கப் போகிறது.

"ஏழாம் ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும், சேர்."

அவர் முகம் கறுத்தது. "தெரியுமோ? எப்பிடி?"

"எனக்கும் கண் இருக்குத்தானே."

"சொல்லாமல் செய்தது பிழைதான்," என்றார் மெல்ல. "கோவமோ?"

"கோவமில்லை. உள்ளதைச் சொல்லிப்போடவேணும். ஏழாம் ஆள் கள்ளம், சேர். பல்லைக் கடிச்சு, கையை இறுக்கிப் பொத்தினால் கால் உயர அடிக்குமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். துள்ளின நாளெல்லாம் அதுதான் நடந்தது."

"நிச்சயமோ?"

"எந்தக் கோயிலிலை எண்டாலும் சத்தியம் பண்ணுவன்."

அவர் லாச்சியைத் திறந்து பெயர்ப் பட்டியலை எடுத்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து ஏழாம் இலக்கத்தைக் குறுக்கே வெட்டினார். நாகேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அப்ப அடுத்தது நாலாம் ஆள், பத்மாசினி. பேராதனைக்கு அவவைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றபடி அவர் பேனையை மூடினார். "அளக்கிறது தெரிஞ்சால் கால் மாறிப்போம் எண்டுதான், மெசின் பாக்கிறன் எண்டு சொல்லிக் காலமையிலை உம்மை அளந்தனான். கைக்கு வந்த வேலை போகுமெண்டு தெரிஞ்சும் தன்னைத்தானே காட்டிக்குடுக்கிற ஆளை நான் இனிக் காணமாட்டன், நாகேஸ்வரி."