சிலிண்டரா, கைப்பம்பா?

விருதுநகர் துப்பாக்கிக் கடையில், காற்றை அடைத்துச் சுடும் ஏர் ரைபிளை ஜோபின் தேர்ந்தெடுத்தான். பக்கத்தில் எவாஞ்சலின் நின்றாள்.

"காத்து நிரப்ப சிலிண்டர் வேணுமா, கைப்பம்பு போதுமா? பம்புன்னா கை கழண்டுரும் சார்," என்றார் கடைக்காரர்.

"பம்பே குடுங்க. நான் அடிச்சுக்கிறேன்."

அங்கேயே அடித்து நிரப்பினான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"சுட்டுப் பாருங்க சார்!"

"நானா? சிவகாசியில பொறந்தும் எனக்கு வெடின்னாலே பயம். மாநிலப் போட்டிக்குப் போறது இவுகதான்."

எவாஞ்சலின் வாங்கிச் சுட்டாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த இலக்கு அட்டையின் நடுப்புள்ளியில் ஓட்டை விழுந்தது. ஜோபின் கைதட்டிக் குதித்தான்.

"நல்ல புருசன்தாம்மா!" என்றார் கடைக்காரர்.

"இன்னும் ஆகலண்ணே. என்னையப் பொண்ணு பாக்க வந்தவரைக் கையோட இங்கன கூட்டியாந்தேன்," என்றவள் செல்போனை எடுத்தாள். "அப்பா, சம்மதம்னு சொல்லிருங்க!"