சொட்டு இறங்காத தொட்டி

கரமனையில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் தண்ணீர்த் தொட்டிக்கு அன்று கசிவுப் பரிசோதனையின் கடைசி நாள். மேல்மூடி இன்னும் போடவில்லை. நிரப்பிய அன்று உள்சுவரில் வரைந்த சிவப்புக் கோட்டை இன்ஜினீயர் ஷைலஜா எட்டிப் பார்த்தார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

“ஒரு சொட்டு இறங்கல்ல மேடம்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கான்ட்ராக்டர் சற்குணம். “கம்பிய நெருக்கிக் கட்டினதாக்கும். விரிசலுக்கு வழியே இல்ல.”

பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. அதிலும் தொட்டியை நிரப்பிய அன்றே தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டிருந்தார் ஷைலஜா. எதற்கென்று சற்குணம் கேட்டுக்கொள்ளவில்லை.

“இதுல விரல்கடை குறைஞ்சிருக்கே. வாளி ஒழுகுதா அண்ணா?”

“புது வாளி மேடம். வெயில் குடிச்சதாக்கும்.”

“தொட்டியில மட்டும் வெயில் குடிக்கல்லியோ?”

சற்குணம் தலையைச் சொறிந்தார்.

“காலையில வந்து பார்த்தேன், கொறஞ்சு கிடந்தது. ஒழுகுதுன்னு பயந்து ஹோஸ் போட்டு நிரப்பிட்டேன்.”

“எவ்வளவு கொறஞ்சு கிடந்தது?”

“விரல்கடை…” சொல்லிக்கொண்டே அவர் வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ தொட்டி ஒழுகவே இல்ல அண்ணா. ஆனா இடையில நிரப்பினதால இந்தக் கணக்கு செல்லாது. நாளைக்கு முதல்ல இருந்து பரிசோதனை,” என்றபடி ஷைலஜா ஹோஸைச் சுருட்டினார். “இது என் ஜீப்புலயே இருக்கட்டும்.”