லிமாசோல் வீட்டு அலமாரி

தீவை வடக்கு தெற்காகப் பிளந்த போர் மூண்டு, தெற்கிலிருந்த லிமாசோலை விட்டு வடக்கே ஓடியபோது, துருக்கியரான நெவ்சாத் தன் தபால்தலை ஆல்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார். தலை நரைத்த பிறகுதான் எல்லை திறந்தது. பழைய வீட்டுக் கதவைத் தட்டினார்.

அங்கே குடியிருந்த கிரேக்கப் பெண் தெஸ்பினாவும் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவள்தான். காபி கொடுத்து உட்காரவைத்தாள்.

"உங்க அலமாரியை நாங்க தொடவே இல்லண்ணே. அங்க எங்க வீட்டையும் யாராச்சும் இப்படிப் பாத்துக்கணுமில்ல?"

அவர் பூட்டைத் திறந்தார். ஆல்பத்தில் அவர் ஒட்டி நிறுத்திய பக்கத்துக்குப் பிறகும் ஆண்டு தவறாமல், இந்த ஆண்டு வரைக்கும், தபால்தலைகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன.

"நீயாம்மா ஒட்டின?"

"நானா? கடுதாசிக்கே கோணலா ஒட்டுறவ நான்!"

நெவ்சாத் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு நன்றி சொன்னார். யாரென்று தெரியாத இன்னொருவருக்கும் சொன்னார். கடைசித் தபால்தலையை மெல்லத் தொட்டார். பசை ஈரமாக இருந்தது.