தங்கை போட்ட லினக்ஸ்

“கூடப் பிறந்தவளே குழி பறிச்சுட்டா பாருங்க!”

அவள் கீபோர்டைத் தள்ளிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனை தடவைதான் பாஸ்வேர்டை அடிப்பது? ஒவ்வொரு தடவையும் ‘தவறு’ என்றே முகத்தில் அடித்தது.

பழைய கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்கிறதே என்று நேற்றுத் தங்கைதான் வந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே டைப்பிங் சென்டருக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவர்கள். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே அடித்து அனுப்ப வேண்டும். பேசுகிறவர்களின் பெயர், ஊர் எதுவும் இருக்காது, ஃபைலுக்கு வெறும் எண்தான். சென்டரில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலி. வக்கீல் ஆபீஸ் பதிவை இன்று ஐந்து மணிக்குள் முடித்தால் அது அக்காவுக்கு, முடிக்காவிட்டால் தங்கைக்கு. இதற்கு மேலும் சந்தேகப்படக் காரணம் வேண்டுமா என்ன?

“அவளைத் திட்டாதே, பாவம்,” என்றார் கணவர். தபால் ஆபீஸ் மாடியில் இருக்கிற வக்கீலுடைய வேலை என்று நேற்றுச் சாயங்காலம் அவள் சொன்னதிலிருந்து அவருக்கும் கவலைதான். ஆபீசுக்கு லீவே போட்டுவிட்டார். “உடம்பு சரியில்லைன்னு சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பிடேன். வேலை போனாப் போகுது. உனக்கு நான் இல்லையா?”

இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏன்டி, பாஸ்வேர்டை மாத்திட்டியா?”

“ஐயோ, இல்லக்கா! ஸ்கிரீன் மூலையில என்ன எழுத்து தெரியுது?”

“‘த’ன்னு இருக்கு.”

“அதைத் தட்டி இங்கிலீஷுக்கு மாத்து. நீ தமிழ்ல அடிக்கிறவளாச்சேன்னு தமிழை முதல்ல வெச்சேன், பாஸ்வேர்டையும் தமிழ்லயே வாங்கிட்டிருக்கு. நேத்து நான் திறந்தபடியே விட்டுட்டு வந்தேனா, அதான் தெரியல. என் தப்புதான்.”

மாற்றினாள். கம்ப்யூட்டர் சமர்த்தாகத் திறந்துகொண்டது. பதிவை ஓடவிட்டாள். மூச்சுப் பேச்சு இல்லை.

“சத்தம் வரலையே! இதுவும் உன் தப்புதானா?”

“நான் கிளம்புறப்போ நல்லாப் பாடுச்சேக்கா. வேணும்னா மாமாவைக் கேளு.”

கணவர் உதட்டைப் பிதுக்கினார். “பாடுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.” பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். “ஸ்பீக்கர் போயிருக்கும். நான் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் நீ எதையும் தொடாதே.”

அவர் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து ஃபோனை எடுத்தாள். “பொய் வேற சொல்றியா?”

“கோபப்பட்டுக்கோக்கா, ஆனா ஃபோனை வைக்காதே. செட்டிங்ஸ்ல ‘ஒலி’யைத் திற. சவுண்டு கார்டுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?”

“‘அணைக்கப்பட்டது’.”

“அது தானா அணையாதுக்கா. யாரோ உள்ளே போய் அணைச்சிருக்காங்க.”

“யாரோ இல்லடி, நீதான்! ஒரு வேலைக்காக அக்கா வயித்துல அடிச்சுட்டியே! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே.”

“சரி, மிதிக்கல.” தங்கையின் குரல் உடைந்தது. “இப்போ அதை ஆன் பண்ணு. மணி மூணாச்சு. வேலை உனக்கே கிடைக்கட்டும்.”

ஆன் செய்தாள். பதிவு ஓடியது. நாற்காலி இழுபடும் சத்தம், ஒரு இருமல். ‘உட்காருங்க’ என்று யாரோ சொல்ல, ‘இருக்கட்டும் சார்’ என்றது இன்னொரு குரல்.

“என்னக்கா, மாமா அதுக்குள்ள வந்துட்டாரா? குரல் கேக்குதே?” என்றாள் தங்கை.

அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. பழக்க தோஷத்தில் விரல்கள் பாட்டுக்குக் கேட்டதையெல்லாம் அடித்துக்கொண்டே போயின.

“டைவர்ஸ் நோட்டீஸ் கைக்குப் போற வரைக்கும் என் பொண்டாட்டிக்கு எதுவும் தெரியக் கூடாது சார்!”